தம்பி கஞ்சா அடிக்கிறான், மனநோய் வருமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் ஓர் அக்கா. தம்பிக்கு 19 வயது. வெளியூரில் பொறியியல் இரண்டாம் ஆண்டு, விடுதியில் இருக்கிறான். ஒரு வருடத்துக்கு மேலாகக் கஞ்சா புகைக்கிறான் என்பது இப்போதுதான் வீட்டுக்குத் தெரிந்திருக்கிறது. கேட்டால், "இது மூலிகைக்கா. சரக்கு மாதிரி இல்ல. கனடாவுலயே கடையில வச்சு விக்கிறான்" என்கிறான். அம்மா, பைத்தியம் பிடித்துவிடும் என்று அழுகிறார். இரண்டு பேரில் யார் சொல்வது சரி? போகிறபோக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: ஒரு மாதமாக அவனுக்குத் தூக்கம் சரியில்லை, அறையில் இருப்பவர்கள் தன்னைப் பற்றித்தான் வாட்ஸப்பில் பேசிக்கொள்கிறார்கள் என்று சொல்லி வேறு அறைக்கு மாறிவிட்டானாம்.

மூலிகையா விஷமா என்ற வாதத்தை விட எனக்கு அந்தக் கடைசி வரிதான் உறுத்துகிறது. அதனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த வாரமே அவனை ஒரு மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். ஏன் இவ்வளவு அவசரம் என்பது மற்றதையெல்லாம் சொன்ன பிறகு உங்களுக்கே புரியும். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். பார்த்ததையும் படித்ததையும் வைத்து எழுதுகிறேன்.

முதலில் தம்பி பக்கம் இருக்கும் நியாயத்தை ஒத்துக்கொள்வோம். இல்லையென்றால் அவன் நம் பேச்சைக் காதில் வாங்கப் போவதில்லை. கஞ்சா புகைப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பெரிய மனநோய் எதுவும் வருவதில்லை. கல்லீரலைக் கெடுப்பதிலும், அடிதடியிலும், அளவுக்கு மீறிக் குடித்து உயிர் போவதிலும் சாராயம்தான் மோசம். மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான ஆய்வின்படி, 10 முதல் 75 வயது வரையிலான இந்தியர்களில் 2.8 சதவீதம் பேர், அதாவது சுமார் 3.1 கோடிப் பேர், முந்தைய ஓராண்டில் பாங்கு, கஞ்சா, சரஸ் எனக் கஞ்சாச் செடியிலிருந்து வரும் பொருள்களில் ஏதாவது ஒன்றை எடுத்திருந்தார்கள். அத்தனை பேருக்கும் புத்தி பிசகியிருந்தால் நாட்டில் எந்த மருத்துவமனையும் தாங்காது.

மனச்சிதைவு நோய், அதாவது ஸ்கிசோஃப்ரினியா, பொதுவாக நூறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் வரக்கூடியது. கஞ்சாவால் அந்த வாய்ப்பு இரண்டு மடங்கு ஆகிறது என்று வைத்துக்கொண்டாலும் நூற்றில் 98 பேருக்கு வராது. அதனால்தான் விடுதிப் பையன்கள், "பத்துப் பேர் சேர்ந்து அடிக்கிறோம், எவனுக்கும் ஒண்ணும் ஆகல" என்று அடித்துச் சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. பத்துப் பேரைப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஒரு கல்லூரியின் ஐயாயிரம் பேரைப் பத்து வருடம் பின்தொடர்ந்து பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். அப்படிப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் இருக்கின்றன.

முதலாவது ஸ்வீடனில் நடந்தது. 1969, 70-ல் கட்டாய ராணுவப் பணிக்கு வந்த 45,000-க்கும் மேற்பட்ட இளைஞர்களிடம் போதைப் பழக்கம் பற்றிக் கேட்டு எழுதி வைத்திருந்தார்கள். 15 வருடம் கழித்து மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தபோது, ராணுவப் பணிக்கு வருவதற்குள் 50 தடவைக்கு மேல் கஞ்சா எடுத்திருந்தவர்களுக்கு மனச்சிதைவு வந்த விகிதம், தொடாதவர்களைப் போல ஆறு மடங்கு. 1987-ல் வெளிவந்த இந்த முடிவு பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. குடும்பச் சூழல், ஏற்கெனவே இருந்த மனக்குறைபாடு போன்றவற்றைக் கழித்துப் பார்த்தபோது அந்த ஆறு மடங்கு வெகுவாகக் குறைந்தது. ஆனால் முழுதாக மறையவில்லை.

நியூசிலாந்தின் டனீடின் நகரத்தில் 1972, 73-ல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகளை இன்றுவரை விடாமல் பின்தொடர்கிறார்கள். அவர்களில் 15 வயதுக்குள் கஞ்சாவைத் தொட்டவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு 26 வயதில் மனச்சிதைவு வகை நோய்க்கான அறிகுறிகள் இருந்தன. தொடாதவர்களில் அது நூற்றுக்கு மூன்று. எண்ணிக்கை சிறியது, அதனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் எந்த வயதில் ஆரம்பித்தான் என்பது முக்கியம் என்று இதற்குப் பிறகு வந்த பல ஆய்வுகளும் சொல்கின்றன. என் அனுபவமும் அதுதான்.

இப்போதைக்கு நமக்கு மிகவும் உதவக்கூடியது 2019-ல் வெளிவந்த ஆய்வு. ஐரோப்பாவிலும் பிரேசிலிலுமாக 11 இடங்களில், முதன்முறையாக சைக்கோசிஸ் வந்த சுமார் 900 பேரையும் அதே ஊர்களில் நோயில்லாத சுமார் 1,200 பேரையும் ஒப்பிட்டார்கள். (சைக்கோசிஸ் என்பது நிஜம் எது, மனம் கட்டியது எது என்ற பிடி நழுவும் நிலை. இல்லாத குரல் கேட்பது, ஆதாரமில்லாத சந்தேகம் அசைக்க முடியாத நம்பிக்கையாவது எல்லாம் இதில் அடக்கம்.) தினமும் கஞ்சா எடுப்பவர்களுக்கு அது வரும் வாய்ப்பு மூன்று மடங்குக்குச் சற்று மேல். வீரியம் கூடிய கஞ்சாவைத் தினமும் எடுப்பவர்களுக்கு ஏறக்குறைய ஐந்து மடங்கு. எப்போதாவது ஒரு நாள் இழுப்பவனையும் தினமும் இரவு இழுப்பவனையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

வீரியம் என்றால் என்ன? கஞ்சாவில் போதை தரும் வேதிப்பொருள் டிஹெச்சி. அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவைச் சோதித்ததில் 1995-ல் அது சராசரியாக 4 சதவீதம், 2014-ல் 12 சதவீதம். மேலே சொன்ன ஐரோப்பிய ஆய்வு 10 சதவீதத்தையும் அதற்கு மேலும் இருப்பதைத்தான் வீரியம் கூடியது என்று கணக்கிட்டது. "எங்க தாத்தா காலத்துல சாமியாருங்க எல்லாம் அடிக்கலையா" என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சாமியார் புகைத்ததும் இன்று பையன்கள் "ஓஜி", "ஹைட்ரோ" என்று பேர் சொல்லி வாங்குவதும் ஒன்றல்ல. மண்ணில்லாமல் விளக்கு வெளிச்சத்தில் வளர்த்த ஹைட்ரோபோனிக் கஞ்சா பாங்காக்கிலிருந்து வந்து சென்னை விமான நிலையத்தில் பிடிபடும் செய்தி அடிக்கடி வருகிறதே, அது வீரியத்துக்காகவே வளர்க்கப்படும் ரகம். பொட்டலத்தில் வாங்குபவனுக்கு உள்ளே எத்தனை சதவீதம் என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

கனடா விஷயத்துக்கு வருவோம். அங்கே 2018 அக்டோபர் முதல் சட்டப்படி விற்கிறார்கள், உண்மை. ஆனால் அந்த டப்பாவில் டிஹெச்சி எவ்வளவு என்று அச்சிட்டிருக்க வேண்டும். 2018-ல் அரசு கட்டாயமாக்கிய எச்சரிக்கை வாசகங்களில் ஒன்று, தொடர்ந்து எடுத்தால் சைக்கோசிஸும் மனச்சிதைவும் வரும் ஆபத்து கூடும், இளைஞர்களுக்கு அது அதிகம் என்றே சொன்னது. கியூபெக் மாகாணத்தில் 2020 ஜனவரியிலிருந்து 21 வயது ஆகாதவனுக்கு விற்கவே கூடாது. உங்கள் தம்பி அங்கே போய்க் கடை வாசலில் நின்றாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மூலிகை என்கிறான் அல்லவா? எருக்கும் ஊமத்தையும் மூலிகைதான்.

சரி, மூளைக்குள் என்ன நடக்கிறது? நம் மூளையே கஞ்சாவைப் போன்ற சில பொருள்களைத் தனக்காக மிகச் சிறிய அளவில் சுரந்துகொள்கிறது. நரம்பணுக்களுக்கு இடையிலான பேச்சு அளவு மீறும்போது, வானொலிப் பெட்டியின் சத்தத்தைக் குறைக்கும் திருகு போல அந்தந்த இடத்தில் கொஞ்சம் குறைத்து வைப்பது அவற்றின் வேலை. அவை பொருந்தும் வாயிலுக்கு சிபி1 என்று பெயர். டிஹெச்சியும் அதே வாயிலில் போய் ஒட்டுகிறது. ஆனால் இடம், நேரம் பார்க்காமல் எல்லாத் திருகையும் ஒன்றாகத் திருப்பி, மணிக்கணக்கில் அப்படியே பிடித்து வைத்துவிடுகிறது. சிந்தனைக்கும் சுயகட்டுப்பாட்டுக்கும் உரிய முன்மூளை இருபதுகளின் நடுப்பகுதி வரை செதுக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தச் செதுக்கலில் இந்த சிபி1 ஏற்பாட்டுக்கும் பங்கு உண்டு. 16 வயதில் தினமும் புகைப்பதும் 40 வயதில் எப்போதாவது புகைப்பதும் வேறு வேறு என்று நாங்கள் சொல்வதற்கு இதுதான் காரணம்.

இன்னொரு கண்ணி டோபமைன். இதை வெறும் இன்பச் சுரப்பு என்று எழுதுகிறார்கள். அதைவிட முக்கியமான வேலை ஒன்று அதற்கு உண்டு: "இதைக் கவனி, இது உனக்கு முக்கியம்" என்று விஷயங்களின் மேல் முத்திரை குத்துவது. அந்த முத்திரை கண்டபடி விழ ஆரம்பித்தால் என்ன ஆகும்? எதிரே வரும் பைக்காரர் ஹாரன் அடித்தது எனக்கான சமிக்ஞை. பக்கத்துப் படுக்கைக்காரன் போனைப் பார்த்துச் சிரித்தது என்னைப் பற்றி. வாட்ஸப்பில் நீல டிக் விழுந்தும் பதில் வராததற்கு ஒரு சதி. ஒவ்வொன்றாகப் பார்த்தால் அற்பம். ஆனால் அந்தப் பையனுக்கு ஒவ்வொன்றும் ஒளி போட்டுக் காட்டியது போல் தெரியும். பிறகு மனம் அவற்றையெல்லாம் கோத்து ஒரு கதை கட்டும். கதை கிடைத்துவிட்டால் ஒருவித நிம்மதி வேறு வந்துவிடும், "இப்பதான் எல்லாம் புரியுது" என்று. அந்தக் கட்டத்தில்தான் வாதம் செய்து மாற்றவே முடியாமல் போகிறது.

டிஹெச்சி இதைச் செய்யும் என்பதற்கு நேரடிச் சோதனையும் உண்டு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், மனநோய் எதுவும் இல்லாத தன்னார்வலர்களுக்கு டிஹெச்சியை நரம்பு வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2004-ல் முடிவு வெளிவந்தது. சந்தேகம், எண்ணங்கள் சிதறுவது, நேர உணர்வு குழம்புவது என்று சைக்கோசிஸ் போன்ற அறிகுறிகள் தற்காலிகமாக வந்து, சில மணி நேரத்தில் போய்விட்டன. பையன்கள் "பேட் ட்ரிப்" என்று சொல்லிச் சிரித்துக் கடந்துபோவது இதைத்தான். போய்விட்டால் சரி. போகாமல் தங்குகிறவர்கள்தான் எங்களிடம் வருகிறார்கள்.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கஞ்சாவால் நோய் வந்ததா, நோய் வரப்போகிறவன் கஞ்சாவைத் தேடிப் போனானா? இந்தக் கேள்வி நம் நாட்டில் 130 வருடம் பழையது. பிரிட்டிஷ் ஆட்சியில், மனநோய் விடுதிகளை நிரப்புவதே கஞ்சாதான் என்ற புகார் எழ, 1893-ல் ஒரு விசாரணைக் குழு போட்டார்கள். அந்தக் குழு விடுதிகளின் பதிவேடுகளை வாங்கி, 1892-ல் சேர்க்கப்பட்டவர்களைப் பற்றி ஒவ்வொன்றாக ஊர் வரை போய் விசாரித்தது. 222 பேரின் நோய்க்குக் கஞ்சாதான் காரணம் என்று பதிவாகியிருந்தது. அந்தப் பதிவு எப்படி வந்தது? தெருவில் பிடித்த ஆளை விடுதிக்கு அனுப்பும்போது காவல் துறை ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் "நோய்க்குக் காரணம்" என்று ஒரு கட்டம். காலியாக விட்டால் கேள்வி வரும், கஞ்சா என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது. விடுதி குமாஸ்தா அதை அப்படியே பதிவேட்டில் ஏற்றுவார், பதிவேடு புள்ளிவிவரமாகும். விசாரித்துப் பார்த்ததில் 98 பேருக்குத்தான் கஞ்சாவோடு ஏதாவது தொடர்பு இருக்கலாம் என்று தெரிந்தது. மிதமாகப் புகைப்பவர் மனதுக்குக் கெடுதல் இல்லை, அளவு மீறினால், அதுவும் ஏற்கெனவே மனம் பலவீனமானவர் அளவு மீறினால் ஆபத்து என்பது அந்தக் குழுவின் முடிவு. அன்றைய கஞ்சாவை வைத்துப் பார்த்தால் மோசமான முடிவு என்று சொல்ல மாட்டேன்.

இன்று மரபணு ஆய்வுகளும் உறவு இருபக்கமும் ஓடுவதாகவே காட்டுகின்றன. மனச்சிதைவுக்கான மரபுச் சாய்வு உள்ளவர்கள் கஞ்சாவின் பக்கம் போவதும் கொஞ்சம் அதிகம். நோய் முழுதாக வெளிப்படும் முன்பே மனம் அலைபாய ஆரம்பித்து, அதைத் தணிக்கப் புகைக்கத் தொடங்குபவர்களை நானே நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் இதையெல்லாம் கழித்த பிறகும் மிச்சம் நிற்கிறது. என் முடிவு இது: கஞ்சா தனியாக நின்று மனச்சிதைவை உண்டாக்குவது அபூர்வம். சாய்வு உள்ளவனுக்கு அது நோயைக் கொண்டுவந்து சேர்க்கிறது, வரவிருந்ததைச் சில வருடம் முன்னதாக வரவழைக்கிறது, வந்ததைத் தீரவிடாமல் இழுத்தடிக்கிறது.

யாருக்குச் சாய்வு இருக்கிறது என்று எப்படித் தெரியும்? ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. குடும்ப வரலாறுதான் ஒரே துப்பு. பெற்றோருக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ மனச்சிதைவு இருந்தால் நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கு பத்து வரை போகும். ஓ.பி.யில் "குடும்பத்துல யாருக்காவது மனநோய் உண்டா?" என்று கேட்டால் பத்துக்கு ஒன்பது பேர் "அப்படியெல்லாம் எங்க வகையறாவுலயே கிடையாது சார்" என்பார்கள். அதனால் நான் அப்படிக் கேட்பதை விட்டுவிட்டேன். "வீட்டை விட்டுப் போய்த் திரும்பாதவங்க யாராவது? கல்யாணம் பண்ணிக்காம ஒரே ரூம்லயே இருக்கிற பெரியப்பா, சித்தப்பா? கிணத்துல விழுந்தவங்க?" என்று கேட்பேன். கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் அம்மா அப்பாவைப் பார்ப்பார், அப்பா ஜன்னலைப் பார்ப்பார். "இவனோட தாய்மாமன் ஒருத்தர் சாமியாராப் போயிட்டாரு சார்..." என்று ஆரம்பிக்கும். நீங்களும் இதை அம்மாவிடம் பக்குவமாகக் கேட்டு வையுங்கள். டாக்டருக்கு மிகவும் உதவும்.

மனச்சிதைவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாலும், எண்ணிக்கையில் அதிகம் வருவது வேறு தொல்லைகள். நள்ளிரவில் நெஞ்சு படபடக்க, செத்துவிடுவேன் என்று நண்பர்கள் தூக்கிக்கொண்டு வரும் பையன்களில் ஒரு பங்கினருக்கு வந்திருப்பது கஞ்சாவால் வந்த பேனிக், அதாவது திடீர்ப் பீதி. ஈசிஜி எடுத்து, ஒன்றுமில்லை என்று காட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். மனச்சோர்வு விஷயம் அத்தனை லேசானதல்ல. சிறுவயதில் கஞ்சா எடுத்தவர்களைப் பின்தொடர்ந்த 11 ஆய்வுகளை 2019-ல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். வளர்ந்த பிறகு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கூடியிருந்தது. தற்கொலை முயற்சிக்கான வாய்ப்பு மூன்று மடங்குக்கும் மேல். அறிவுத்திறன் குறையுமா என்பதில் சண்டை ஓயவில்லை. குறையும் என்று டனீடின் ஆய்வும், அது குடும்பச் சூழலால் வந்த வித்தியாசமாக இருக்கலாம் என்று இரட்டையர் ஆய்வுகளும் சொல்கின்றன. தினமும் புகைக்கும் பையனுக்கு நினைவும் கவனமும் மந்தமாகி அரியர் விழும் என்பதில் மட்டும் சண்டை இல்லை.

"கஞ்சாவுக்கு அடிமையாக மாட்டோம்" என்பதும் தவறு. எடுத்துப் பார்ப்பவர்களில் சுமார் 9 சதவீதம் பேர் விட முடியாத நிலைக்குப் போகிறார்கள். பதின்வயதில் ஆரம்பித்தால் ஆறில் ஒருவர். சாராயத்தை நிறுத்தியவனுக்குக் கை நடுங்குவது போல இதில் வெளியே ஒன்றும் தெரியாததால் யாரும் நம்புவதில்லை. நிறுத்திய ஒன்றிரண்டு நாளில் எரிச்சல், பசியின்மை, தூக்கமின்மை ஆரம்பிக்கும். முதல் வாரம் உச்சம். இரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும், தூக்கம் மட்டும் இன்னும் சில வாரம் படுத்தும். கூடவே கனவுகள். அதுவரை கனவே வராதவனுக்கு வண்ணப் படம் போலக் கனவு வந்து வியர்த்து எழுவான். இதைத் தெரியாமல், "நிறுத்திப் பார்த்தேன் டாக்டர், மூணு நாள் கண்ணே மூடல, அப்ப இது எனக்கு மருந்துதானே?" என்று கேட்கிறார்கள். மூன்றாவது நாள் திரும்பப் புகைத்தால் எரிச்சலும் தூக்கமின்மையும் உடனே அடங்கும்தான். நிறுத்தியதால் வந்தது, எடுத்ததும் போகிறது, அவ்வளவுதான். இன்னும் பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டச் சொல்வேன். தேவைப்பட்டால் அந்த நாள்களுக்கு மட்டும் தூக்கத்துக்கு ஏதாவது எழுதித் தருவோம்.

இப்போது உங்கள் தம்பியின் அறை மாற்றத்துக்கு வருகிறேன்.

போதையில் வரும் சந்தேகம் போதையோடு போக வேண்டும். கடைசியாகப் புகைத்து நாலைந்து நாள் ஆன பிறகும் அதே சந்தேகம் நிற்கிறதென்றால், அதன் பொருட்டு அறையை மாற்றுவது, சாப்பாட்டைத் தவிர்ப்பது போன்ற காரியங்களில் இறங்குகிறானென்றால், அது போதையைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். தூக்கமும் கெட்டிருக்கிறது என்கிறீர்கள். ஒருவேளை அறை நண்பர்கள் நிஜமாகவே அவனைக் கேலி செய்திருக்கலாம், விடுதிகளில் நடக்காததா? அப்படியிருந்தால் நல்லதுதான், டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். காத்திருந்து பார்ப்பதுதான் கூடாது.

ஏனென்றால், "கஞ்சா போதைதான், விட்டால் சரியாகிவிடும்" என்று நினைப்பதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. வீட்டார் மட்டுமல்ல, அவசரப் பிரிவில் இருக்கும் டாக்டர்களும் "கஞ்சா கேஸ்" என்று ஊசி போட்டு அனுப்பிவிடுவதுண்டு. டென்மார்க்கிலும் பின்லாந்திலும், கஞ்சாவால் வந்த சைக்கோசிஸ் என்று மட்டும் எழுதப்பட்டவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். காலப்போக்கில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மனச்சிதைவு போன்ற நீடித்த மனநோய் இருப்பது உறுதியானது. பாதிப் பேர்!

ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். கல்லூரி இறுதியாண்டுப் பையன். ராத்திரி முழுக்க அறையில் விளக்கு எரிந்தது, தேர்வுக்குப் படிக்கிறான் என்று அப்பா சந்தோஷப்பட்டார். போனின் கேமரா மேல் பேண்ட் எய்ட் ஒட்டியிருந்தான். வீட்டுக்குள் நுழைந்ததும் போனைக் கொண்டுபோய் அரிசி டிரம்முக்குள் புதைத்துவிடுவான், "அவங்க" கேட்டுவிடக் கூடாது என்று. அரிசி எடுக்கப் போன அம்மா கையில் போன் தட்டுப்பட்ட பிறகுதான் ஏதோ சரியில்லை என்று புரிந்தது. அப்புறமும் டாக்டரிடம் வரவில்லை. கஞ்சாப் பொட்டலம் கிடைத்ததால் அடி விழுந்தது. பிறகு மந்திரிப்பு, கோயில், தர்கா. ஏர்வாடி தர்கா அருகே ஒரு காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தார்களே, அதற்குப் பிறகும் நம் ஆட்களுக்கு முதல் முகவரி டாக்டருடையது இல்லை. சாமி கும்பிடுவதை நான் தடுக்க மாட்டேன், கும்பிட்டுவிட்டு மருத்துவமனைக்கும் வாருங்கள் என்பேன். ஏழெட்டு மாதம் கழித்து வந்தான். மருந்தில் தேறினான், ஆனால் ஒரு வருடப் படிப்பு போயிற்று. தேறியதும் ஒரு நண்பனின் கல்யாணத்தில் மறுபடி இழுக்க, மறுபடி எல்லாம் ஆரம்பித்தது. சைக்கோசிஸ் ஒரு தடவை வந்துபோனவனுக்கு "அளவோடு" என்ற பேச்சே கிடையாது. நோய் திரும்புவதற்கான காரணங்களில் நம் கையில் இருக்கும் இரண்டு, மருந்தை நிறுத்துவதும் கஞ்சாவைத் தொடர்வதும்தான்.

எப்படிக் கூட்டிப் போவது? "உனக்கு மனநோய்" என்று ஆரம்பிக்காதீர்கள். அவன் சந்தேகத்தைப் பொய் என்று நிரூபிக்கப் போராடாதீர்கள், ஆமாம் சாமியும் போடாதீர்கள். "நீ சொல்றது உனக்கு எவ்ளோ பயமா இருக்கும்னு புரியுது, அதுக்கு மேல எனக்குத் தெரியல" என்ற அளவில் நிறுத்துங்கள். தூக்கம்தான் நல்ல வாசல். "சரியாவே தூங்கலையேப்பா, அதுக்கு ஒரு டாக்டரைப் பார்க்கலாம்" என்றால் முக்கால்வாசிப் பேர் வருவார்கள். அவனுக்கே அதுதான் தாங்க முடியாத தொல்லையாக இருக்கும்.

அம்மாவுக்கு போலீஸ் பயம் இருந்தால் சொல்லுங்கள்: புகைப்பது சட்டப்படி குற்றம்தான், ஆனால் சிகிச்சைக்கு வந்தவனின் விவரத்தை ரகசியமாகக் காப்பது டாக்டரின் கடமை. 2017-ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம் அதை நோயாளியின் உரிமையாகவே வைத்திருக்கிறது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்திலேயே, புகைத்ததற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் மாட்டினாலும் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுக்கும் அடிமைக்கு விலக்குத் தரும் 64ஏ என்ற பிரிவு உண்டு. இன்னொன்று, வேன் கொண்டுவந்து ஆளைத் தூக்கிப்போய் மூன்று மாதம் பூட்டி வைக்கும் "மறுவாழ்வு மையம்" எதற்கும் பணம் கட்டிவிடாதீர்கள். அப்படிப் பூட்டி வைக்கப்பட்டு உடைந்துபோய் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கே சேர்த்தாலும் அந்த இடம் மனநலச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட்டிருக்கிறதா, மனநல மருத்துவர் வந்து பார்க்கிறாரா என்று கேளுங்கள்.

மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. சென்னை என்றால் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416-க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசுச் சேவை, இலவசம், தமிழில் பேசுவார்கள். போதைப் பழக்கத்துக்கு மட்டும் 14446 என்ற எண் தனியாக உண்டு. தன்னையோ பிறரையோ ஏதாவது செய்துகொள்வதாகப் பேசினால், கட்டளையிடும் குரல் கேட்கிறது என்றால், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

போகும்போது ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்: எந்த மாதத்திலிருந்து மாற்றம், தூக்கம் எத்தனை மணி நேரம், எப்போது ஆரம்பித்தான், வாரத்தில் எத்தனை நாள், கடைசியாக எப்போது, கூடவே மாத்திரை, ஊசி ஏதாவது உண்டா, குடும்பத்தில் யார் யார். சிகரெட் எத்தனை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இது பலருக்குத் தெரியாது: புகையிலைப் புகையும் கஞ்சாப் புகையும், சைக்கோசிஸுக்குத் தரும் ஓலான்சபின், குளோசபின் போன்ற மருந்துகளைக் கல்லீரல் வேகமாகக் கரைத்துவிடும்படி செய்கின்றன. புகைத்துக்கொண்டே மருந்து எடுத்தால் அளவு பத்தாது. மருந்து ஆரம்பித்த பிறகு புகையைச் சட்டென்று நிறுத்தினால், அதே அளவு மாத்திரை ரத்தத்தில் கூடிப்போய் எந்நேரமும் தூங்கி வழிவான். வீட்டில் அதைப் பார்த்து, மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டருக்கு போன் செய்து, புகையை நிறுத்திவிட்டான் என்று சொன்னால் போதும், அளவைக் குறைத்துக் கொடுப்பார்.